சுண்ணாம்பு கொதித்த அன்று பெண் பார்க்க வந்தார்கள்

அன்புள்ள மைத்துனர் ஜூடு அவர்களுக்கு,

சமயநல்லூரிலிருந்து அத்தான் ராயப்பன் எழுதிக்கொள்வது. தாங்களும் பிள்ளைகளும் இறைவன் அருளால் சுகமாக இருப்பீர்கள். இங்கும் சுகமே என்று எழுதப் பேனா நகர மறுக்கிறது. போனை அணைத்து வைத்திருப்பதால்தான் இந்தக் கடிதம். ஆன் செய்தால் பேரையூர்க்காரர்கள் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயம்.

விஷயம் இதுதான். என் மகள் ஆஷ்லினைப் பெண் பார்க்கப் பேரையூரிலிருந்து வருவதாகச் சொன்னதும், காம்பவுண்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கணும்னு உங்கக்கா ஜோசபின் பிடிவாதம். வாடிப்பட்டியில் சுட்ட சுண்ணாம்புக் கல் ஒரு மூட்டை வாங்கியாந்து, பிளாஸ்டிக் டிரம்முல கொட்டி ஒரு வாளி தண்ணி ஊத்தினேன். ஒண்ணும் ஆகலை. கல்லு மட்டம் போலன்னு இன்னொரு வாளி ஊத்தினேன் மாப்ள, அம்புட்டுத்தான், உள்ளேருந்து உறுமல். புகையா ஆவி. டிரம்மு ஒரு பக்கமா இளகிச் சாயுது. சாயங்காலம் வாரோம்னு சொன்னவங்க அந்த நேரம் பாத்து கேட்டைத் திறக்குறாங்க!

மாப்பிள்ளைப் பையன் ஜோ நல்ல மனசுக்காரன். "மாமா, நகருங்க!"ன்னு என்னைப் பிடிச்சு இழுக்க ஓடியாந்தான். கொதிச்ச சுண்ணாம்பு தெறிச்சு அவன் கண்ணுல விழுந்துருச்சு. கைக்குட்டைய எடுத்துத் துடைக்கப் போனான். பட்டுச்சேலையோட பாய்ஞ்சு வந்தா உன் மருமக ஆஷ்லின். கைக்குட்டையத் தட்டிவிட்டா, அவன் பிடரியப் பிடிச்சுக் குழாயடியில குனிய வெச்சா, முழுசாத் தண்ணியத் திறந்துவிட்டா.

எனக்கு உசுரே போயிருச்சு. "ஏய், தண்ணி பட்டுத்தானே கொதிச்சுச்சு! நீ தண்ணியவே ஊத்துறியே!"ன்னு கத்துறேன்.

"நிறையத் தண்ணி ஓடுனா சூடு தங்காதுப்பா, சுண்ணாம்பையும் அடிச்சிட்டுப் போயிரும். தள்ளிப் போங்க!"ங்கிறா. அவனைப் பார்த்து, "கண்ணை மூடாதீங்க! மூடாதீங்கங்கிறேன்ல!"

பையனோட அம்மா பெர்சி நெஞ்சுல அடிச்சு அழுகுறாங்க. உங்கக்கா ஜெபமாலையோட உக்காந்துட்டா. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் ஆஷ்லின் அவனை விட்டா. கார்ல மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாங்க. பெர்சியம்மா என் பக்கம் திரும்பாமலே கார் கதவை அடிச்சுச் சாத்துனாங்க.

ஆறிக் கிடந்த கல்லு, பச்சைத் தண்ணி, நெருப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு ஆஷ்லினைக் கேட்டேன். "சூளையில வெந்தப்ப வாங்கி வெச்ச சக்திப்பா. தண்ணி சேர்ந்ததும் சூடா வெளிய விடுது. வெப்ப உமிழ்வினை"ன்னா. வேதியியல் படிச்சவ, சுலபமாச் சொல்லிட்டா. உங்கக்கா சோடா உப்பை எடுத்தாலே வாசலுக்கு ஓடிர்றேன். வாசல்ல கார் நின்னாப் பின்கட்டுக்கு ஓடிர்றேன். அந்தப் பையனுக்குக் கண்ணு போயிருந்தா நான் என்ன செய்வேன் மாப்ள? இந்தச் சம்பந்தம் முறிஞ்சுது. ஊர் பேசுறதுக்கு முன்னால நீ வந்து பிள்ளையைத் திண்டுக்கல்லுக்கு உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு.

ஆண்டவர் உங்களையெல்லாம் காக்கட்டும். என்னையும் கொஞ்சம் சேர்த்து.

இப்படிக்கு,
பின்கட்டில் பதுங்கியிருக்கும்
ராயப்பன்

பி.கு.: கவரை ஒட்டும்போது பெர்சியம்மா வந்துட்டாங்க. நான் பாத்ரூம்ல ஒளிஞ்சிருந்து கேட்டேன். உடனே கழுவினதால கண்ணு தப்பிச்சுதுன்னு டாக்டர் சொன்னாராம். "எம்மகன் என் பேச்சுக்கு ஒருநாளும் குனிஞ்சதில்ல. உங்க பொண்ணு சொன்னதும் அசையாம நின்னான். எங்களுக்குச் சம்மதம்"ங்கிறாங்க. அதனால கூட்டிட்டுப் போக வராதே, பேசி முடிக்க வா. ஆஷ்லின்தான் இன்னும் சரின்னு சொல்லலை. பெர்சியம்மாகிட்ட, "அவரை இன்னொரு தரம் வரச் சொல்லுங்கம்மா. அன்னைக்குக் கண்ணைத்தான் பாத்தேன், ஆளைப் பாக்கலை"ங்கிறா.