மெத்தைக்காரருக்கு ஒரு மைனஸ்

பதிலைப் போட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் அதன் அடியில் ஒரு மைனஸ் விழுந்துவிட்டது.

மெத்தைக்காரர் கைப்பேசித் திரையைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தூசி இல்லை, மைனஸ்தான்.

"மறுபடியுமா?" என்று எதிர்வரிசையிலிருந்து திரைச்சீலைக்காரர் கேட்டார். ஏணிமேல் நின்று கம்பியில் வளையம் கோத்துக்கொண்டிருந்தாலும் அந்த ஆளுக்குக் கண் முழுக்க இங்கேதான்.

"மறுபடியும்தான்."

"எவனோ உங்களையே குறி வச்சிருக்கான் அண்ணே."

பிற்பகல் மூன்று மணி. கடையின் மேல்மாடியில் இருபத்திரண்டு மெத்தைகள் வெயிலை வாங்கிக்கொண்டு கிடந்தன. குளிர்சாதனம் ஒரே சுருதியில் முனகியது. 'படுத்துப் பார்த்து வாங்கலாம்' என்று வாசலில் எழுதிப் போட்டதை நம்பி வந்த மூன்று பேர், படுத்துப் பார்த்து, அப்படியே தூங்கிப்போயிருந்தார்கள். இப்படித் தூங்குகிறவர்களை நோகாமல் எழுப்புவதில் மெத்தைக்காரர் கைதேர்ந்தவர். தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது. கால்மாட்டில் நின்று லேசாக ஓர் இருமல், அவ்வளவுதான்.

கண் விழிக்கிற அந்த அரை நிமிடத்தில், பக்கத்தில் நிற்பது யார் என்றுகூடப் பார்க்காமல் மனிதர்கள் கண்ட கனவைச் சொல்லிவிடுவார்கள். அவரும் ஏதோ ஒரு பதில் சொல்வார். சிரித்துக்கொண்டே எழுந்து மெத்தை வாங்கிப் போவார்கள். இதைக் கவனித்த முதலாளியம்மா கடையின் இணையதளத்தில் 'கனவுக் கூடம்' என்று ஒன்றைத் திறந்துவிட்டார். யார் வேண்டுமானாலும் கனவு எழுதலாம், யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். கடை சார்பாகப் பதில் எழுத மெத்தைக்காரருக்கும் திரைச்சீலைக்காரருக்கும் அனுமதி கிடைத்தது.

பதினான்கு வருடமாக மெத்தைக்காரர் வாயிலிருந்து வந்ததெல்லாம் அங்குலமும் அடர்த்தியும் உத்தரவாதமும்தான். கனவுகளுக்குப் பதில் எழுதத் தொடங்கிய பிறகுதான், தனக்குள்ளும் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அதற்குப் பிறகு அம்புகள் வந்தன.

"ஒரு கனவுக்கு முப்பது பதில் வருது. எதைப் படிக்கிறது? நல்லது மேல வரட்டும், மத்தது கீழ போகட்டும்" என்றார் முதலாளியம்மா. செவ்வாய்க்கிழமைகளில் வரும் கணினிப் பெண் கூடத்தில் வரும் ஒவ்வொரு பதிவுக்கு அடியிலும் இரண்டு அம்புகளைப் பொருத்தினாள். மேலம்பை அழுத்தினால் பிளஸ், கீழம்பை அழுத்தினால் மைனஸ். யார் அழுத்தினார்கள் என்று வெளியில் தெரியாது.

"உங்க ரெண்டு பேர்ல யாருக்கு மாசக் கடைசியில மதிப்பு அதிகமோ, கூடம் அவங்க பொறுப்பு. மத்தவர் கடை நேரத்துல கைப்பேசியைத் தொடக்கூடாது, சரியா?" என்றார் முதலாளியம்மா.

சரி என்று இருவரும் தலையாட்டினார்கள்.

திரைச்சீலைக்காரர் எந்தக் கனவானாலும் ஒரே பதில்தான் போடுவார். 'நல்லதே நடக்கும், ஜன்னலுக்குப் புதுத் திரை போடுங்கள்.' இருபது பிளஸ் வரும். மெத்தைக்காரர் அப்படியில்லை. படியெல்லாம் தலையணையாக இருக்கிறது, ஏற ஏற உச்சி வரவே இல்லை என்று ஒரு பெண்மணி எழுதியிருந்தாள். அவர் அரை மணி நேரம் யோசித்து இப்படி எழுதினார்: 'உச்சிக்குப் போயே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? நடுப்படியில் கொஞ்சம் உட்காருங்கள். தலையணைதானே, வலிக்காது. அந்த உயரத்திலும் ஒரு ஜன்னல் இருக்கும், பாருங்கள்.' இரண்டு பிளஸ், ஒரு மைனஸ். எதை எழுதினாலும் அந்த ஒரு மைனஸ் தப்பாமல் வந்தது.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கூடத்தில் ஓர் அறிவிப்புப் போட்டார். 'மைனஸ் போடும் அன்பர், தயவுசெய்து காரணத்தையும் சொன்னால் திருத்திக்கொள்வேன்.'

அதற்கு முன் கீழம்பு என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. தொட்டுப் பார்ப்போமே என்று ஆளாளுக்குத் தொட்டார்கள். சாயங்காலத்துக்குள் அந்த அறிவிப்புக்கு முப்பத்தேழு மைனஸ்.

"எதுக்குண்ணே வாயக் குடுத்து மாட்டிக்கிறீங்க?" என்றார் திரைச்சீலைக்காரர். குரலில் வருத்தம் இருந்தது. முகத்தில் இல்லை.

மெத்தைக்காரர் நேரே முதலாளியம்மாவிடம் போனார். "அம்மா, இது கணக்குப் பாடம் இல்ல. கனவு. அதுக்குச் சரியான பதில் இதுன்னு எப்படி ஓட்டுப் போடறது? அம்பு வேண்டாமே."

"நான் ஒருத்தி சொன்னா சரியா இருக்காது. கூடத்துலயே கேட்டுருவோம்."

'பதில்களுக்கு வாக்குப் போடும் முறை வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றால் மேலம்பு, வேண்டாம் என்றால் கீழம்பு.'

கூடமே இரண்டு பட்டது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் எழுதினார்: 'எனக்குக் கடைசி நிறுத்தத்தில் ஆறு நிமிடம்தான் ஓய்வு. மேலே இருக்கிற பதிலை மட்டும் படிப்பேன். அம்பை எடுத்தால் நான் முப்பதையும் படித்துவிட்டு வண்டியை எப்போது எடுப்பது?' தையல்காரி ஒருத்தி எழுதினாள்: 'என் பதிலுக்கு மூன்று, பக்கத்து வீட்டுக்காரி பதிலுக்கு முப்பது. இரண்டு நாளாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அம்பை எடுங்கள்.' இருவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. மெத்தைக்காரருக்கே ஒரு நிமிடம் ஓட்டுநர் பக்கம் மனசு சாய்ந்தது.

முடிவு வந்தது. வேண்டும், நாற்பத்தொன்று. வேண்டாம், பூஜ்யம்.

வேண்டாம் என்று கூடத்தில் எழுதியிருந்த அறுபது பேரும் வாக்குப் போடுவதே தப்பு என்ற கொள்கை உடையவர்கள். ஆகவே போடவில்லை. மெத்தைக்காரரும் அதே கொள்கைக்காரர்தான்.

இனிக் கேட்பாரில்லை. ஜனங்கள் பதிலுக்கு மட்டுமில்லாமல் கனவுக்கும் மதிப்புத் தேட ஆரம்பித்தார்கள். போன வாரம் சட்டைப் பொத்தான் இரண்டு உருண்டு ஓடுவதாகக் கனவு கண்டவருக்கு இந்த வாரம் வானத்திலிருந்து தாம்பாளம் தாம்பாளமாகப் பொத்தான் கொட்டியது. கடையில் ஐந்தாம் எண் மெத்தையில் தூங்கிய அம்மாள், மெத்தைக்காரர் மூன்று முறை இருமியும் எழுந்திருக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "முடிவு இன்னும் சரியா வரல."

மாதம் முடியப் பத்து நாள்தான் இருந்தது. மெத்தைக்காரர் மனசைக் கல்லாக்கிக்கொண்டு திரைச்சீலைக்காரர் வழிக்கே போனார். 'நல்லதே நடக்கும், முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள்.' அவ்வளவுதான் பதில். அன்றைக்கே முப்பத்தொரு பிளஸ்.

வெட்கமாக இருந்தது. அதைவிட மோசம், முப்பத்தொன்றுக்குப் பக்கத்தில் அதே ஒற்றை மைனஸ். முப்பத்தொரு பேர் அவர் கண்ணிலேயே படவில்லை. அந்த ஒருவர் யார் என்பதே சோற்றிலும் தூக்கத்திலும் வந்து நின்றது.

"நீதானே?" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டு கேட்டேவிட்டார்.

திரைச்சீலைக்காரர் மெதுவாக இறங்கி வந்தார். "அண்ணே, உங்களுக்கு நான் ரெண்டு தடவ பிளஸ் போட்டிருக்கேன். அந்தத் தலையணைப் படிக்கு ஒண்ணு. இன்னொண்ணு எதுக்குன்னு மறந்துபோச்சு." கண் கலங்கியிருந்தது. அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஏணியையும் வேறு பக்கம் நகர்த்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை கணினிப் பெண் வந்தாள்.

"பேரெல்லாம் தெரியாது சார். எந்த இணைப்புலேர்ந்து வருதுன்னு வேணா பார்க்கலாம்." திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். "லீவு நாள்ல நீங்க வீட்டிலேர்ந்து பதில் எழுதுவீங்கல்ல? அதே இணைப்புதான்."

"என் வீடா?"

"உங்க வீடு."

வீட்டில் மூன்றே பேர். அவர், மனைவி, முழங்கால் வைத்தியத்துக்காக வந்து மூன்று மாதமாகத் தங்கியிருக்கும் மாமனார்.

"நானா?" என்றாள் மனைவி, துவைத்த துணியை உதறிக்கொண்டே. "உங்களைப் பிடிக்கலன்னா நேராவே சொல்ல மாட்டேனா? அதுக்கு அம்பு வேற வேணுமா எனக்கு?"

அதுவும் உண்மைதான். பதினொரு வருடமாக நேராகத்தான் சொல்லி வருகிறாள்.

மிச்சம் மாமனார். முப்பது வருடம் பரீட்சைத் தாள் திருத்திய கை. ஒரு தாளில் அரை மதிப்பெண் கூடுதலாகப் போட்டதற்காக மறுநாள் பரீட்சை அலுவலகத்தில் வரிசையில் நின்று குறைத்துவிட்டு வந்தவர் என்று மனைவியே பெருமையாகச் சொல்வாள். மெத்தை விற்கிறவருக்குப் பெண் கொடுப்பதா என்ற பேச்சு வந்தபோது அவர் சொன்னது "ம்" என்ற ஒரே எழுத்து. கல்யாணத்துக்குப் பிறகும் அந்த எழுத்து மாறவில்லை. சாப்பிட்டீர்களா மாமா? ம். கால் வலி தேவலையா மாமா? ம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மெத்தைக்காரர் ஒரு வேலை செய்தார். சமையலறைக் கதவோரம் நின்றுகொண்டு, தண்ணீருக்கடியில் நடந்து வேலைக்குப் போவதாகக் கனவு கண்ட ஒருவருக்குப் பதில் எழுதினார். இந்தத் தடவை முதுகு, நல்லது என்றெல்லாம் இல்லாமல் மனசிலிருந்து எழுதினார். 'மூச்சு முட்டவில்லை என்கிறீர்கள். அப்படியானால் பயப்படாதீர்கள். எல்லோரும் அவசரமாகப் போகிற உலகத்தில் உங்களுக்கு மட்டும் மெதுவாக நடக்க அனுமதி கிடைத்திருக்கிறது.' அனுப்பிவிட்டுப் பால்கனியைப் பார்த்தார்.

பால்கனியில் வெயில் சாய்ந்திருந்தது. கொடியில் காயும் வெள்ளைத் துணிகள் காற்றுக்கு ஏறி இறங்க, அவற்றின் நிழலில் மாமனார் நாற்காலியும் மிதப்பதுபோல் இருந்தது. மகள் கொடுத்த பழைய கைப்பேசி மடியில் கிடந்தது. அதை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். உதடு அசைய, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். படித்து முடித்துக் கொஞ்ச நேரம் துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டைவிரலை நீட்டிக் கீழம்பை அழுத்தினார்.

மெத்தைக்காரரின் கையில் மைனஸ் ஒன்று வந்து விழுந்தது.

கோபம் வரும் என்றுதான் எதிர்பார்த்தார். வரவில்லை, வலிதான் வந்தது. வெளியாள் யாரோ என்றால் சண்டை போடலாம். ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்துகொண்டு, வாயால் ஒரு குறையும் சொல்லாமல், தினம் விரலால் மட்டும் 'நீ தேறமாட்டாய்' என்று சொல்கிற மனிதரை என்ன செய்வது? மனைவியிடம் சொல்லவும் மனம் வரவில்லை. அவள் அப்பாவை அவளிடமே குறை சொல்வதா?

மறுநாள் முதலாளியம்மா முன்னால் போய் நின்றார்.

"அம்மா, கூடத்தைத் திரைச்சீலைக்காரருக்கே குடுத்துடுங்க. நான் இனிமே எழுதல. கைப்பேசியைக் கல்லாவுல வச்சுடறேன். ஒண்ணே ஒண்ணு செய்யணும், அந்த அம்புகளை எடுத்துடணும். எனக்கு ஆன மாதிரி இன்னொருத்தருக்கு ஆகவேண்டாம்."

முதலாளியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஐந்தாம் எண் மெத்தையில் அந்த அம்மாள் இன்னும் முடிவைத் தேடிக்கொண்டிருந்தாள். "எடுத்துடலாம்" என்றார் பெருமூச்சோடு. "இவங்களும் எழுந்திருக்கணுமே."

செவ்வாயன்று அம்புகள் போயின. திரைச்சீலைக்காரர் மனசு இளகி ஏணியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். மெத்தைக்காரர் பழையபடி அங்குலமும் அடர்த்தியும் சொன்னார். தூங்குகிறவர்களின் கால்மாட்டில் நின்று இருமினார். அவர்கள் கனவைச் சொன்னால் சிரித்துவிட்டு, "வாங்க, பில் போட்டுடலாம்" என்றார். நாள்கள் சத்தமில்லாமல் போயின.

அடுத்த ஞாயிறு மதியம், சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வீட்டு முன்னறைக்கு வந்தவரை யாரோ "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார்கள். குரல் பால்கனியிலிருந்து வந்தது. பதினொரு வருடத்தில் அந்தக் குரல் அவரை அப்படி அழைத்ததில்லை என்பதால், யாரையோ என்று நினைத்து முதலில் திரும்பிப் பார்த்தார். மனைவியும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

போய் நின்றார். மாமனார் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முகத்தில் அந்தப் பழைய கண்டிப்பு இல்லை. தொலைத்துவிட்டுத் தேடுகிறவரின் தவிப்புத்தான் இருந்தது.

"என்ன மாமா?"

"ஒரு வாரமா நீங்க ஒண்ணுமே எழுதலையே, பழசையாவது முதல்லேர்ந்து இன்னொரு தடவ படிக்கலாம்னு எடுத்தேன் மாப்பிள்ளை, ஒண்ணப் படிச்சு முடிச்சதும் உங்களோட அடுத்ததுக்குப் போறதுக்குக் கீழ ஒரு அம்பு இருந்துச்சே, தினமும் அமுக்குவேனே, அதக் காணோமே?"