தென் அமெரிக்காவும் நல்லெண்ணெய் டின்னும்

தென் அமெரிக்காவின் தலையில் நல்லெண்ணெய் டின்னைத் தூக்கி வைத்தது நான்தான். பசை தடவி ஒட்டின பூகோள நோட்டு சுருளாமல் காய வேண்டுமே என்று பாரம் வைத்தேன். டின்னின் அடியில் ஊசித் துவாரம் இருந்தது டின்னுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. காலையில் எடுத்துப் பார்த்தால் தாள் கண்ணாடியாகியிருந்தது. தென் அமெரிக்காவின் வழியே பின்பக்கத்து ஆஸ்திரேலியா தெரிந்தது.

"பரவால்லப்பா, ரெண்டையும் ஒரே நாள்ல படிச்சிரலாம்," என்றாள் என் மகள் கனி. சிரிக்காமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் தங்கப்பாண்டி நாடாராகிய நான் நோட்டுப் புத்தகம் செய்ய இறங்கியதற்குக் காரணம் டைபாய்டு. ஏழாவது படிக்கும்போது கனி படுத்தாள். எழுந்தபோது பாதி முடியும் முழுப் படிப்பும் போயிருந்தன. பூகோளம் நடத்தும் வியாகுலம்மாள் டீச்சர் இரக்கப்பட்டு, பிள்ளை வீட்டிலேயே படிக்கட்டும், ஜூன் மாதம் பூகோள நோட்டோடு அழைத்து வாருங்கள், பார்த்துவிட்டு எட்டாவதில் சேர்ப்பதா என்று சொல்கிறேன் என்றார்.

எட்டாவது கிடைக்காவிட்டால் படிப்பை நிறுத்திப் பரிசம் போட்டுவிடலாம் என்று சாத்தான்குளத்திலிருந்து என் மச்சான் வந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை அவர் மகன்தான். அவனுக்குச் சின்ன வயதிலேயே மீசையும் கடனும் இருந்தன.

மற்ற பாடங்களைக் கனியே பார்த்துக்கொண்டாள். பூகோளத்தை நான் எடுத்துக்கொண்டேன். ஹார்பருக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவனுக்குப் பூகோளம் தெரியாதா? பம்பாய் ரவை பம்பாயில் விளைகிறது, ஜெர்மன் வெள்ளியை ஜெர்மனியில் தோண்டுகிறார்கள் என்று அலமாரியைக் காட்டிக் காட்டி நடத்தினேன். கனி ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்காமல் எழுதிக்கொண்டாள். என்னைப் போல் வாத்தியார் உண்டா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நோட்டைக் கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் என் கஞ்சத்தனத்துக்கு நான் கைத்தொழில் என்று பெயர் வைத்திருந்தேன். பழைய பேப்பர் மஜீதிடம் ஒருபக்கம் அச்சடித்த தாள்களை வாங்கி வெட்டி, மைதாப் பசை தடவி, இரண்டாவது நோட்டைச் செய்தேன். கனி எழுதத் தொடங்கி இரண்டு நாள் ஆகவில்லை, தாளோடு பர்மாவைக் காணோம்.

கரப்பான் பூச்சி என்று தீர்ப்புச் சொன்னேன். பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது என்றார் மஜீது. கலந்து காய்ச்சினேன். அவசரத்தில் கைக்கு அகப்பட்டது தோசைமாவுச் சட்டி. என் மனைவி உச்சிமாகாளி எட்டிப் பார்த்தாள்.

"என்னது இது, நீலமா?"

"மயில்துத்தம். தின்னா பூச்சி செத்துரும்."

"நாம?"

சட்டி தெருவுக்குப் போனது. ஒரு வாரம் எங்கள் வீட்டில் தோசை இல்லை. நோட்டின் ஓரமெல்லாம் நீலமானது. ஆனாலும் ஜாவா போய்விட்டது.

இனிப் பசையை நம்பிப் பயனில்லை, தைத்துவிடுவோம் என்று காசிமேட்டுத் தேசப்பனிடம் போனேன். வலை பின்னுகிறவர். வலைநூலாலேயே நோட்டை இறுக்கித் தைத்துக் கொடுத்தார்.

"வஞ்சிரத்தையே இஸ்துக்கினு வந்த நூலு, நைனா. ஒரு தாளு அவுராது."

அவர் சொன்னது நிஜம். ஒரு தாளும் அவிழவில்லை. மீன் வாடைக்கு வந்த பூனைகள் நோட்டை முழுசாகத் தூக்கிக்கொண்டு போயின. கூரை ஓட்டின் மேல் ஏறி, ஆறு ஓடுகளை உடைத்து, மீட்டு வந்தேன். புரட்டிப் பார்த்தேன். இலங்கை இல்லை. தையலை ஒட்டி, அளவுகோல் வைத்தாற்போல் கிழிந்திருந்தது. அளவுகோல் வைத்துக் கிழிக்கும் பூனையை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

இத்தனை அமளியிலும் தவறாமல் கடைக்கு வந்தவர் வியாகுலம்மாள் டீச்சர் ஒருவர்தான். முன்பெல்லாம் எப்போதாவது வருவார். இப்போது தினமும் காலணாவுக்குச் சீரகம். நான் நிறுப்பேன், கனி உள்ளே கொண்டுபோய்ப் பொட்டலம் மடித்து வருவாள். ரவை எதை உடைத்துச் செய்வது, ஜாவாவுக்குக் கப்பல் எந்தப் பக்கம் போகும் என்று அவளிடம் சற்று நேரம் வம்பளந்துவிட்டுப் போவார். அந்த வீட்டில் சீரகத்தில்தான் குளிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் நோட்டைப் பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டி, அதன் மேலேயே உட்கார்ந்து வியாபாரம் பார்த்தேன். அன்று டீச்சருக்கு நானே செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தேன். அவர் பொட்டலத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். அங்கேயே பிரித்தும் பார்த்தார்.

"பாப்பா மடிச்சுத் தரலையா?"

"சீரகம் நல்லா இல்லையா டீச்சர்?"

"சீரகம் நல்லாத்தான் கீது," என்று முகம் வாடிப் போனார். எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருஷமாகப் பொட்டலம் மடிக்கிறவனை இப்படி யாரும் அவமானப்படுத்தியதில்லை.

கனி படிக்கக் கேட்டபோதெல்லாம் டின்னைத் திறந்துதானே ஆக வேண்டும்? திறந்த அன்றெல்லாம் ஒரு தேசம் போயிற்று.

ஜூன் வந்தது. மச்சான் வெற்றிலை பாக்கோடு கடையில் உட்கார்ந்துகொண்டார். இந்த நோட்டோடு கனியை டீச்சர் முன் நிறுத்த மனமில்லாமல், நான் தனியாகவே அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மீன் வாடை, நீல ஓரம், நடுவில் ஏழெட்டுத் தாள். உலகத்தில் மிச்சமிருந்தது கிரீன்லாந்தும் சகாராவும்தான். இரண்டிலும் எழுத அதிகம் இல்லை.

டீச்சர் நோட்டைத் தொடவில்லை. முந்தானையால் மூக்கை மட்டும் மூடிக்கொண்டார். கரப்பானையும் பூனையையும் பற்றி நான் ஒரு மூச்சு புலம்பினேன். பிள்ளை படித்தது சத்தியம், நோட்டுச் செய்யத் தெரியாதவன் நான்தான், தண்டனை எனக்கு இருக்கட்டும் என்றேன். டீச்சர் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார்.

"எட்டாவதா, எங்க மச்சான் மவனா? ஒரே வார்த்தையில சொல்லிருங்க டீச்சர்."

அவர் குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து கனமான ஊறுகாய் ஜாடி ஒன்றை இழுத்து என் முன்னால் வைத்தார்.

"எட்டாவதுல அப்பவே பேர் எழுதியாச்சு. பம்பாயில ரவை விளையுமான்னு உங்ககிட்ட கேட்டா உங்க மனசு நோவும்னு, உங்க பொண்ணு தினம் ஒரு பாடத்தைக் கிழிச்சு, சரியான்னு பாக்கச் சொல்லி எனக்குப் பொட்டலம் கட்டிக் குடுத்துது. இந்தாங்க, உங்க சீரகத்தை எடுத்துக்கினு போங்க, எங்க வூட்ல யாருக்கும் இது ஆவாது."