அழிரப்பரும் ஐம்பது புகைபோக்கியும்

நாற்பத்தேழாவது படத்திலும் புகைபோக்கி இல்லை.

ஸ்டூடியோக்காரர் கணினித் திரைக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்து தேடினார். பிறந்தநாள் குழந்தை இருந்தது, கேக் இருந்தது, சித்தப்பா ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் எண்பதடி உயரத்துக்கு நின்றிருக்க வேண்டிய புகைபோக்கியை மட்டும் காணோம். அந்த இடத்தில் வானம் பளிச்சென்று இருந்தது.

குற்றவாளி வேறு யாருமில்லை, அவரேதான். தெருவில் அவருக்கு அழிரப்பர் என்று பெயர். பரு, மரு, இரட்டைத் தாடை, பிடிக்காத மருமகன் என்று எதைச் சொன்னாலும் படத்திலிருந்து சுவடில்லாமல் அழித்துக் கொடுப்பார். ஊர் நடுவே ஒரு தொழிற்சாலை மூடிக் கிடந்தது. அங்கே என்ன செய்தார்கள் என்றுகூட யாருக்கும் நினைவில்லை. அதன் புகைபோக்கி மட்டும், எங்கே நின்று படமெடுத்தாலும் யாராவது ஒருவர் மண்டையிலிருந்து முளைத்து நிற்கும். "அதை எடுத்துடுங்கண்ணே" என்பார்கள். இருபது வருடமாக அவரும் எடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று நகராட்சி ஒரே நாளில் எடுத்துவிட்டது.

போன பிறகுதான் ஊருக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. 'புகைபோக்கியும் நாமும்' என்று கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். சாதாரண ஜனங்களின் அன்றாடப் படங்களில் அது தெரிய வேண்டும், ஐம்பது படம் வேண்டும். கூட்டத்தில் ஸ்டூடியோக்காரர் எழுந்து, "அது இல்லாம இந்த ஊர்ல நான் ஒரு படம்கூட எடுத்ததில்ல!" என்று முழங்கிவிட்டார். எடுக்கும்போது இருந்தது உண்மைதான். கைதட்டல் அடங்கிய பிறகுதான் மீதி உண்மை நினைவுக்கு வந்தது.

கண்காட்சிப் பொறுப்பாளர் அவருடைய மனைவியின் அண்ணன். தங்கையைக் கட்டிக்கொடுத்த நாள் முதலாக 'உருப்படாதவன்' என்ற ஒரே சொல்லால் இவரைக் குறிப்பிட்டு வந்த மனிதர், அன்றைக்கு மேடையிலிருந்து, "எங்க மாப்பிள்ளை!" என்றார். காதில் தேன் பாய்ந்தது. அந்த ஒரு சொல்லை எப்பாடுபட்டாவது காப்பாற்றியாக வேண்டும்.

ஊர்க்காரர்களிடம் அவரவர் வீட்டு ஆல்பங்களைக் கொண்டுவரச் சொன்னார். வந்ததெல்லாம் அவர் எடுத்து, அவரே அழித்தவை.

"போன்லயாவது ஒண்ணு இருக்காதா?"

"தெனம் பாக்கறதைப் போய் யாருண்ணே போட்டோ எடுப்பாங்க?"

மனைவிதான் வழி சொன்னாள். "அழிக்கத் தெரிஞ்ச கைக்கு வரையத் தெரியாதா என்ன?"

வரையலாம். ஆனால் அது எப்படி இருந்தது? அழிக்கிற அவசரத்தில் அவர் அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

"ரெண்டு பட்டை, சிவப்பு" என்றார் முடிதிருத்துபவர்.

"மூணு பட்டை, நீலம்" என்றார் தையல்காரர். இருவரும் அதோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள்.

தபால்காரர் மட்டும், "ஒரு பக்கமா வளைஞ்ச ஏணி ஒண்ணு இருக்கும்" என்றார்.

"வளைஞ்ச ஏணியில எவன்யா ஏறுவான்? கடுதாசியைக் குடுத்துட்டுக் கெளம்பு."

வரைந்து பார்த்தார். பிறந்தநாள் படத்தில் அது கேக்குக்கு ஏற்றிய மெழுகுவர்த்தி மாதிரி இருந்தது. சரி என்று இணையத்தில் எந்த நாட்டுப் புகைபோக்கியையோ எடுத்து ஒட்டினார். எட்டிப் பார்க்க வந்த மச்சான் கண்ணைச் சுருக்கினார்.

"நம்ம ஊர்ல எப்போ பனி பெஞ்சுது?"

"அது... பஞ்சு மச்சான். பக்கத்துல மெத்தைக் கடை இருந்துச்சே."

"மெத்தைக் கடையா? எப்போ?"

"அதையும் இடிச்சுட்டாங்க."

மச்சான் சந்தேகத்தோடு போனார். மாப்பிள்ளை என்று சொல்லாமல் போனார். ஸ்டூடியோக்காரர் சமையலறைக்குப் போய் ஒரு வாய் டீ குடிக்கலாம் என்று ஃபிளாஸ்க்கைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

மாமியார் கொடுத்த பழைய ஃபிளாஸ்க். நெட்டையாக, வெள்ளையாக, மேலே தொப்பிபோல மூடி. நடுவில் மூன்று நீலப் பட்டை.

ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடித்தார். ஐம்பது படங்களிலும் ஐம்பது தலைகளுக்குப் பின்னால் நட்டார். கைப்பிடிதான் உயிரை வாங்கியது. ஒவ்வொன்றிலும் பொறுமையாக உட்கார்ந்து அதை அழித்தார். மூன்று நாள் ஆயிற்று, கழுத்து பிடித்துக்கொண்டது.

"என் ஃபிளாஸ்க்கு எங்கங்க?"

"ஆபீஸ் வேலையா போயிருக்கு."

கண்காட்சியில் கூட்டம் நெருக்கியடித்தது. "அப்படியே இருக்கு!" என்று பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "நீலம்னு நான் அப்பவே சொன்னேனே" என்றார், சிவப்பு என்று சாதித்த முடிதிருத்துபவர். மச்சான் தோளில் கைபோட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க மாப்பிள்ளைதான்" என்றார். ஸ்டூடியோக்காரர் எண்ணிக்கொண்டே வந்தார். பதினொன்று.

அப்போதுதான் ஒரு வயதான அம்மாள் வந்தார். தொழிற்சாலை மூடுகிறவரை அங்கே வேலை பார்த்தவராம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படமாக மூக்கு உரசப் பார்த்தார். பிறகு அரங்கமே கேட்கும்படி சொன்னார்:

"இது ஃபிளாஸ்க்கு இல்ல?"

மனைவி முதல் படத்தை உற்றுப் பார்த்து, "அடப்பாவி!" என்றாள். மச்சானின் கை தோளிலிருந்து மெல்ல இறங்கியது. 'உருப்படாதவன்' என்ற சொல் அவர் உதடுவரை வந்துவிட்டதை ஸ்டூடியோக்காரர் கண்ணாலேயே பார்த்தார்.

"அம்மா, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"நீங்க என்னத்தைச் சொல்றது? நாங்க செஞ்ச ஃபிளாஸ்க்கை விக்கறதுக்கு எங்க மொதலாளி அதே மாதிரி கட்டி நிறுத்தின வெளம்பரம்தானே அது, ஊர்க்காரங்கதான் பொகைபோக்கின்னு சொல்லிட்டுத் திரிஞ்சாங்க! எல்லாம் அச்சு அசலா இருக்கு. கைப்பிடியை மட்டும் எதுக்குத் தம்பி அழிச்சீங்க?"