திருநின்றவூர் வழியாகப் பத்து நிமிட நடை

"சொந்த ஊர் எதும்மா?" என்று எச்.ஆர். ஹேமநாத் கேட்டபோது, அவருக்குப் பின்னாலிருந்த ஜன்னலில் ஷைனிக்குத் தன் வீட்டு மொட்டைமாடி தெரிந்தது. கொடியில் அம்மாவின் நைட்டி காய்ந்துகொண்டிருந்தது.

"திருநின்றவூர் சார்," என்றாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கதவுக் கீல் செய்யும் கம்பெனி அது. இதற்கு முன் பதினோரு கம்பெனிகளில் ஃபைனான்ஸ் இன்டர்ன்ஷிப் கேட்டு ஏறி இறங்கியிருந்தாள். பி.காம். முதல் வருஷம் என்றதுமே, பழுக்காத பழத்தை அமுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கூடையில் போடுகிற மாதிரி, மூன்றாம் வருஷம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இங்கே வருஷம் ஒரு பொருட்டில்லை. உள்ளூர்க்காரர்கள்தான் ஆகாது. அதை வாசலில் நின்ற செக்யூரிட்டி முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"லோக்கல்னு மட்டும் சொல்லிராத பாப்பா. லோக்கல் ஆள எடுத்தா ஒரே வாரத்துல சொந்தக்காரன் பத்து பேரு வேல கேட்டு வருவான், எதனா திட்டுனா கம்பெனி கேட்டாண்ட ஊரே வந்து நிக்கும்னு இவங்களுக்கு பயம். திருநின்றவூர்னு சொல்லு. அந்த ஊரு மேல ஒரு நம்பிக்க."

பொய் சொல்வதில் ஷைனிக்கு ஆசையில்லை, அவசரம் இருந்தது. அம்மா ஆரோக்கியமேரி பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவள். இந்தப் படிப்பு வேலைக்கு ஆகும் என்று லீவு முடிவதற்குள் ஒரு காகிதமாவது காட்டு, இல்லையென்றால் காலேஜை விட்டுவிட்டு என்னோடு பேக்கிங்குக்கு வா என்று கெடு வைத்திருந்தாள். காண்டிராக்டரிடம் பெயரும் கொடுத்தாயிற்று.

திருநின்றவூரில் ஒரு சித்தி இருந்தது நல்லதாகப் போயிற்று. முகவரிக்குச் சித்தி வீட்டுக் கரண்ட் பில்லை நீட்டினாள். சம்பளம் கிடையாது, இரண்டு மாதம் முடிந்தால் சர்ட்டிபிகேட் என்று வியாபாரத்தை முடித்த ஹேமநாத், கேட்காமலே கொசுறும் போட்டார்.

"நம்ம ஆபீஸ் வேனே திருநின்றவூர்லேர்ந்துதான்மா வருது. காலையில ஏழு மணி, ஸ்டேஷன் வாசல். டிரைவர் அங்கயே அட்டெண்டன்ஸ் எடுத்துருவாரு."

வீட்டிலிருந்து கம்பெனிக்கு நடந்தால் பத்து நிமிடம். ஷைனி மறுநாள் நாலு இருபது ரயிலைப் பிடித்து சென்ட்ரல் போனாள். அங்கே வண்டி மாறித் திருநின்றவூரில் இறங்கினாள். வேனில் ஏறி, ஒன்பது மணிக்குச் சொந்த வீட்டைத் தாண்டிக் கம்பெனிக்குள் நுழைந்தாள். சாயங்காலம் அதே வழி, தலைகீழாக. வீடு வரும்போது மணி பத்து.

மூன்றாம் நாள் அம்மா கேட்டாள்:

"உன் கம்பெனி எங்கடி கீது?"

ஷைனி ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள்.

"இத்தோ கீற கம்பெனிக்கு இன்னாத்துக்குடி சென்ட்ரல் போய்க்கினு வர?"

"ஃபைனான்ஸ்னா அப்படித்தாம்மா."

அம்மா பாயை விரித்தாள். பேக்கிங்கில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

வேனில் அவளைத் தவிர, மேனேஜர் முதல் கேஷியர் வரை ஃபைனான்ஸ் செக்‌ஷன் ஆட்கள் எட்டுப் பேர். எப்போதும் அவளுக்கு முன்பே ஏறி, துண்டாலோ துப்பட்டாவாலோ முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருப்பார்கள். திருநின்றவூரில் ராத்திரி கொசு அதிகம் போலிருக்கிறது என்று ஷைனி நினைத்துக்கொண்டாள்.

முதல் வாரக் கடைசியில், வேன் பயணம் வாந்தி வருகிறது, நானே வந்துவிடுகிறேன் என்று ஹேமநாத்திடம் சொல்லிப் பார்த்தாள். அவர் இரக்கப்பட்டு டிரைவர் பக்கத்து சீட்டை ஒதுக்கினார். வேன் அவள் தெருமுனையில் திரும்பும்போது ஊரே பார்க்கும் சீட் அது. அந்த வளைவில் தினமும் பேனா கீழே விழுந்தது. குனிந்து தேடினாள்.

இரண்டாம் வாரம், கும்மிடிப்பூண்டியிலேயே ஒரு தோழி வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். ஹேமநாத்தின் முகம் மாறியது.

"இந்த ஊர்ல உனக்கு ஆள் இருக்கா?"

சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக, இந்த ஊரில் தனக்கு யாரையும் தெரியாது, இங்கத்துத் தண்ணீர்கூட ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவைத்தாள். பதினெட்டு வருஷம் குடித்து வளர்ந்த தண்ணீர். அன்றிலிருந்து திருநின்றவூர் ஸ்டேஷன் குழாயில் பாட்டில் நிரப்பிச் சுமந்து வரவேண்டியதாயிற்று.

மூன்றாம் வாரம்தான் கதவு திறந்தது. அக்கவுண்ட்ஸ் மேனேஜர் மோகன்ராஜ், எல்லா இன்டர்ன்களுக்கும் கொடுக்கிற வேலையை அவளுக்கும் கொடுத்தார்: கம்பெனியில் எங்கே செலவு வீணாகிறது என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். இதுவரை யார் எழுதியதையும் அவர் படித்ததில்லை.

ஷைனி யோசிக்கவே இல்லை. ஒன்பது பேரை ஏற்றிவரக் காலையில் காலியாகப் போய், இரவில் காலியாகத் திரும்பும் வேன். அதை நிறுத்திவிட்டு ஆளுக்கு ரயில் சார்ஜ் கொடுத்தால் போதும், அவரவர் வந்து சேர்ந்துவிடுவார்கள் என்று எழுதினாள். நிறைவேறினால் எட்டரை மணி வரை தூங்கலாம். சர்ட்டிபிகேட்டும் தப்பும்.

மோகன்ராஜ் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் படித்தார். பிறகு செக்‌ஷனே சுறுசுறுப்பானது. யாரிடமும் வாய் திறக்காத கேஷியர் ஈஸ்வரி, ஆறு மாத டீசல் பில்லைத் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். பயணத்தில் ஒருவருக்கு தினமும் நாலு மணி நேரம் வீண் என்று மோகன்ராஜே ஒரு வரி சேர்த்து, கையெழுத்துப் போட்டு முதலாளிக்கு அனுப்பினார். ஒரு முதல் வருஷப் பெண்ணின் எழுத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று ஷைனி அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் ஹேமநாத் மைசூர்பாகு டப்பாவோடு வந்தார். முதலாளி அசந்துபோய்விட்டாராம். வேன் நின்றது.

"ஆனா ஒம்பது பேருமே திருநின்றவூர்னா அவங்க எதுக்கு இங்க வரணும்னு கேட்டாரு," என்றார் ஹேமநாத். "ஒண்ணாம் தேதியிலேர்ந்து ஃபைனான்ஸ் ஆபீஸே அங்கதான். ஸ்டேஷனுக்கு எதிர்லயே எடம் பாத்தாச்சு. எல்லாரும் வீட்லேர்ந்து நடந்தே போயிரலாம்."

மிச்சம் என்று ஒன்று கண்ணில் பட்டால் அதைக் கல்லாவில் போடாமல் விட எந்த முதலாளிக்கும் மனசு வராது. வீணாகிக்கொண்டிருந்த அந்த நாலு மணி நேரத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டார். புது ஆபீஸ் காலை ஏழு மணியிலிருந்து இரவு ஏழரை வரை. ஷைனியின் சர்ட்டிபிகேட்டையும் அங்கேயே, கடைசி நாளில் அவர் கையாலேயே தருவாராம்.

ஹேமநாத் ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டுப் போனார். யாரும் வாயில் வைக்கவில்லை. மோகன்ராஜ் அணைந்திருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆபீஸ் கிடைத்த இவர்களுக்கு என்ன துக்கம் என்று ஷைனிக்குப் புரியவில்லை. தன் துக்கத்தையே அவளால் தாங்க முடியவில்லை. சர்ட்டிபிகேட் போனால் போகிறது என்று ஈஸ்வரியின் மேஜைக்குப் போய்க் குனிந்தாள்.

"அக்கா, நான் திருநின்றவூரே இல்ல. எங்க ஊடு இங்கதான் கீது. நாலு இருபது ட்ரெயின் புடிச்சி அங்க வந்து வேன் ஏறுறேன்."

ஈஸ்வரி கையிலிருந்த மைசூர்பாகைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"தெரியும்மா. அந்த ட்ரெயின்ல நீ லேடீஸ் பொட்டில ஏறுவ. நாங்க எட்டு பேரும் ஆளுக்கொரு பொட்டில ஏறுவோம்."