ஒன்பது பத்து வண்டி

"கடைசியா எப்போ கண் பரிசோதனை பண்ணீங்க?"

காலை ஒன்பது மணிக்கு வாசலில் வந்து நின்ற வாடகைக் காரின் ஓட்டுநர் இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் அசரவில்லை.

"நாலு மாசம் ஆகுது சார். கட்டாயம் பண்ணணும். புள்ளி புள்ளியா ஒரு புத்தகத்தைக் காட்டி, பச்சை எது சிவப்பு எதுன்னு கேப்பாங்க. ஒண்ணுகூடத் தப்பு விட்டதில்ல."

கண்ணாடிக்கடைக்காரருக்குப் புல்லரித்துவிட்டது. முப்பது வருடமாக ஊர்க் கண்ணையெல்லாம் சோதித்து மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர் அவர். இப்படி ஒரு ஓட்டுநரை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"அனுபவம்?"

"இருபத்தாறு வருஷம் சார்."

"விபத்து?"

"ஒண்ணுகூட இல்ல."

"இந்தத் தண்ணி கிண்ணி…"

"ஐயோ! வேலைக்கு ஏறும்போது ஒருதடவை ஊதிக் காட்டணும், இறங்கும்போது ஒருதடவை ஊதிக் காட்டணும். எப்படி சார் குடிக்கிறது?"

கண்ணாடிக்கடைக்காரர் மனைவியிடம் வெற்றியோடு திரும்பினார். "பார்த்தியா? இவர் கையில உயிரைக் கொடுத்துட்டு நிம்மதியாத் தூங்கலாம்."

"தூங்கினா எழுந்திரிக்கணுமே, அதுதான் கவலை" என்றாள் அவள்.

அந்த அம்மாள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், விபத்துப் பிரிவில், இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். மனிதர்கள் எதனால் சாகிறார்கள், எதனால் சாவதில்லை என்பது அவளுக்குக் கோப்பு எண்ணோடு தெரியும்.

விஷயம் இதுதான். வெளியூரில் இருக்கும் ஒரே மகளுக்கு இன்று மூன்று மணிக்கு அறுவை சிகிச்சை. வயிற்றில் குழந்தை குறுக்கே படுத்துக்கொண்டு, திரும்ப மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. சின்ன வயதில் ஊசி போடுவதென்றால்கூட அப்பா கையைப் பிடித்துக்கொண்டால்தான் தோளைக் காட்டுவாள் அவள். இப்போதும் அதையேதான் சொல்லியிருந்தாள். "அப்பா, நீங்க வந்து கையைப் பிடிச்சாதான் நான் உள்ளே போவேன்." வராமல் இருப்பாரா? ஒன்பது பத்து ரயிலில் ஒரு மாதம் முன்பே இரண்டு டிக்கெட் எடுத்து வைத்துவிட்டார்.

முந்தாநாள் சாயங்காலம் அவர் செல்போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. 'ரயில்களில் குண்டு வைக்கப் போகிறார்களாம். உங்கள் அன்புக்குரியவர்களுக்குப் பகிரவும்.'

அவருக்கு அன்புக்குரியவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். உறவினர் குழு, கடை வாடிக்கையாளர் குழு, காலை நடைக் குழு, பள்ளித் தோழர்கள் குழு என்று ஒன்று பாக்கியில்லாமல் அனுப்பிவைத்தார். வெறும் செய்தியாகப் போனால் யாரும் நம்ப மாட்டார்களே என்று, 'எனக்குத் தெரிந்த உயர் அதிகாரி சொன்னது' என்று தன் பங்குக்கு ஒரு வரியையும் மேலே ஒட்டினார். அந்த உயர் அதிகாரி போன மாதம் கடைக்கு வந்து, "கிட்டத்துல இருக்கிற எழுத்து தெரியல" என்று சொன்னதோடு சரி.

பிறகு தங்கள் இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்தார். அன்றைக்குத் தொடங்கிய வாக்குவாதம் காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் ஓயவில்லை.

"இருபத்திரண்டு வருஷத்துல என் மேசைக்கு வந்த குண்டு கேஸ் எத்தனை தெரியுமா? பூஜ்யம். குளியலறையில வழுக்கி விழுந்தவங்க மூணு பீரோ. சாலை விபத்துக்குத் தனியா ஒரு மாடியே ஒதுக்கியிருக்கோம்."

"பேப்பர்ல எது வருது, குளியலறையா?"

"சோப்பு வந்து 'நான்தான் பொறுப்பு'ன்னு அறிக்கை விடாதுங்க. விட்டா நீங்க அதுக்கும் பயப்படுவீங்க."

கண்ணாடிக்கடைக்காரர் சீட் பெல்ட்டைக் கழற்றினார்.

"எதுக்குக் கழற்றுறீங்க?"

"எங்கேயாவது குண்டு வெடிச்சா சட்டுனு குதிக்க வேண்டாமா?"

அவள் மறுபடி மாட்டினாள். அவர் மறுபடி கழற்றினார். நாலாவது தடவை மாட்டிவிட்டு, கொக்கியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஊர் போய்ச் சேரும்வரை அந்தக் கையை எடுப்பதில்லை என்பது அவள் தீர்மானம்.

கார் கிளம்பியது. கிளம்புவதற்கு முன் ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். தெருவில் இருந்த நாய் எழுந்து போய்விட்டது.

முதல் சிக்னல் கண்ணுக்குத் தெரிந்ததுமே, "பச்சை!" என்று உரக்கச் சொன்னார்.

"யாருகிட்ட சொல்றீங்க?" என்றாள் மனைவி.

"எனக்கு நானே சொல்லிக்கிறதும்மா. கண்ணு பார்த்ததை வாய் சொல்லணும்."

"ஆகா!" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "என்ன ஒழுங்கு! என் கடையில எழுதிப் போடலாம் போல இருக்கே!"

அடுத்தது சிவப்பு. அரை கிலோமீட்டருக்கு முன்பிருந்தே பிரேக் போட ஆரம்பித்தார் ஓட்டுநர். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அவருடைய குடும்பத்தை விசாரித்துவிட்டுக் கடந்து போனார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. கண்ணாடிக்கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

நெடுஞ்சாலை ஏறியதும் பெருமைக்குக் கொஞ்சம் இடைவேளை. எள் போட்டால் எள் விழாது. காரும் வேனும் பஸ்ஸும் மூட்டை முடிச்சுமாக ஊரே சாலையில் நின்றது.

"இன்னைக்கு என்ன விசேஷம்?" என்றார் அவர்.

"எல்லாரும் ரயிலுக்குப் பயந்து வந்தவங்கதான் சார்" என்றார் ஓட்டுநர். "டிரைவர் கிடைக்காம ஊரே அல்லாடுது. இந்தக் கார் என் மச்சானுது. அவன்கிட்ட இருந்த ஏழு டிரைவரும் விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. எனக்கு இன்னைக்கு லீவு விட்டுட்டாங்களா, நீங்க போங்க மாமான்னு அனுப்பிட்டான்."

"நாளைக்கு என் மாடியில இடம் பத்தாது" என்று மனைவி முணுமுணுத்தாள்.

பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. முன்னால் நிற்கும் லாரியைத் தாண்டிப் போகலாமே என்றால் ஓட்டுநர் தலையை ஆட்டினார். "முன்னால ஒரு வண்டி நின்னா பின்னால வர்ற வண்டி நிக்கணும் சார். அதுதான் விதி." லாரிக்கும் தனக்கும் நடுவில் நாலு கார் நுழையும் அளவுக்கு இடம் விட்டார். நாலு காரும் நுழைந்தன.

நுழைந்ததில் ஒன்றின் கூரையில் ஒரு பெட்டி கட்டியிருந்தது. அதிலிருந்து ஒயர் ஒன்று தொங்கியது. கண்ணாடிக்கடைக்காரர் சீட்டில் துள்ளினார்.

"பெட்டி! ஒயர்! திருப்புங்க வண்டியை!"

"அது மின்விசிறிங்க. பெட்டியில படமே போட்டிருக்கு. கண்ணாடியைத் தலைமேல ஏத்தி வச்சுக்கிட்டுப் பார்த்தா எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி.

அவர் கேட்கிற நிலையில் இல்லை. பக்கத்தில் ஒரு குறுக்குச் சாலை பிரிந்தது. "அதுல விடுங்க!" என்று கத்தினார். ஓட்டுநர் தயங்கினார். அந்தச் சாலையின் வளைவுகளைப் பார்த்து அவர் முகம் ஏனோ வாடியது.

"நேர் ரோடா இருந்தா நல்லா இருக்குமே சார்…"

"உயிர் முக்கியமா, நேர் ரோடு முக்கியமா?"

உயிர்தான் முக்கியம் என்று குறுக்குச் சாலையில் இறங்கினார்கள். அதற்குப் பிறகுதான் உயிர் ஊசலாடத் தொடங்கியது.

முதல் வளைவு வந்தது. கார் வளையவில்லை.

"வளைவுங்க! திருப்புங்க, திருப்புங்க!" என்று மனைவி அலறினாள்.

"அட, ஆமாம்ல!" என்று ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சுற்றினார். கார் ஒரு மதில்சுவரை உரசிக்கொண்டு திரும்பியது. பக்கவாட்டுக் கண்ணாடி சுவரிலேயே தங்கிவிட்டது. இரண்டாவது வளைவில் ஒரு சூரியகாந்தித் தோட்டத்துக்குள் போய், தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள். மூன்றாவது வளைவில் எதிரே வந்த சைக்கிள்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு மரத்தில் ஏறிவிட்டார்.

"இருபத்தாறு வருஷம்னு சொன்னீங்களே!" என்றாள் மனைவி.

"மன்னிச்சிடுங்கம்மா. பழக்கதோஷம்."

என்ன பழக்கம் என்று கேட்பதற்குள் கண்ணாடிக்கடைக்காரரின் செல்போன் அடித்தது. மகள்.

"அப்பா, எங்கே இருக்கீங்க? மணி ஒண்ணாகப் போகுது. ரெண்டரைக்கு உள்ளே கூட்டிட்டுப் போயிடுவாங்களாம். எனக்குக் கையெல்லாம் நடுங்குதுப்பா."

"பக்கத்துலதான்டா கண்ணு. இதோ வந்துட்டேன்" என்றார். பக்கத்தில் சூரியகாந்திதான் இருந்தது. போனை வைத்தபோது அவர் கண் கலங்கிவிட்டது. மனைவி பார்த்தாள். திட்ட வந்த வாயை மூடிக்கொண்டு, கொக்கியின் மேல் இருந்த கையை மட்டும் இன்னும் அழுத்தினாள்.

"வேகமாப் போங்க" என்றார் அவர், தழுதழுத்த குரலில். "எப்படியாவது போங்க. என் பொண்ணு காத்துட்டிருக்கா."

"நானும் ரெண்டு பொண்ணைப் பெத்தவன் சார். பிடிச்சுக்கங்க!"

நல்ல வேளையாகச் சாலையும் நேரானது. கார் பறந்தது. ஓட்டுநர் இப்போது வேறு ஆள்! முதுகு நிமிர்ந்தது, முகம் மலர்ந்தது, ஹாரன் ஊரைக் கூட்டியது. கண்ணாடிக்கடைக்காரருக்கு நம்பிக்கை திரும்பியது. தூரத்தில் ஒரு ரயில்வே கேட் தெரிந்தது. மூடியிருந்தது.

"கேட் மூடியிருக்கு!" என்றாள் மனைவி.

"ஆமாம்மா, மூடியாச்சு!" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டு ஓட்டுநர் இன்னும் வேகத்தைக் கூட்டினார்.

"யோவ்! மூடியிருக்குய்யா!"

அந்த 'யோவ்' அவரை உலுக்கிவிட்டது. "ஐயையோ!" என்று ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் சாலையை விட்டு இறங்கி, ஒரு புதரை ஏறி மிதித்து, பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது. கண்ணாடிக்கடைக்காரர் முன்னால் பாய்ந்தார். பெல்ட் இழுத்துப் பிடித்தது. பாய்ந்து போனது தலைமேல் இருந்த மூக்குக்கண்ணாடி மட்டும்தான்.

கையும் காலும் தலையும் அவரவருக்கு அவரவரிடமே இருந்தன. மனைவி மெதுவாகக் கொக்கியிலிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கையில் கொக்கியின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. அவர் அந்தக் கையை எடுத்து மெல்லத் தேய்த்துவிட்டார்.

"விபத்தே இல்லன்னு சொன்னீங்களே" என்றார் ஓட்டுநரிடம், ஈனசுரத்தில்.

"இதையும் சேர்த்தா ஒண்ணு சார்."

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சரக்கு ரயில் தடதடவென்று போனது. ஓட்டுநர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு நிமிஷம் லேட்டு" என்றார். அதிர்ச்சியில் உளறுகிறார் போலும் என்று கண்ணாடிக்கடைக்காரர் விட்டுவிட்டார்.

கேட்டை ஒட்டியே ஒரு சின்ன ரயில் நிலையம் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"என்னங்க?" என்றாள்.

"குண்டாவது மண்ணாவது! என் பொண்ணு கையைப் பிடிக்கணும். ரயில்லயே போயிடலாம் வா!"

ஓடினார்கள். பிராயச்சித்தமாக ஓட்டுநர் சூட்கேஸைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் இருந்தார், கையில் பச்சைக் கொடியோடு. மூச்சிரைக்க அவரிடம் விஷயத்தைச் சொன்னார்கள்.

"ஒண்ணு முப்பதுக்கு ஒரு வண்டி வருது" என்றார் அவர். "ரெண்டே காலுக்கு அங்கே இருப்பீங்க. ஸ்டேஷனுக்கு எதிர்லதான் ஆஸ்பத்திரி. கவலைப்படாதீங்க."

கண்ணாடிக்கடைக்காரர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மகளுக்குப் போன் போட்டார். "வந்துட்டேன்டா! ரெண்டே காலுக்கு உன் கை என் கையில!" அந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டே சிரித்தது மனைவிக்கும் கேட்டது.

உயிர் திரும்பியதும் வீராப்பும் திரும்பியது. "இருந்தாலும் நான் எச்சரிக்கையா இருந்தது தப்பில்ல" என்றார். "ஏன் மாஸ்டர், காலையில அந்த ஒன்பது பத்து வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அது கிளம்பினாத்தானே சார் ஆகறதுக்கு!" ஸ்டேஷன் மாஸ்டர் வெறுப்போடு கொடியைச் சுருட்டினார். "எவனோ 'எனக்குத் தெரிந்த உயர் அதிகாரி சொன்னது'ன்னு ஒரு புரளியைக் கிளப்பிவிட்டுட்டான். அத்தனை பேரும் டிக்கெட்டை ரத்து பண்ணிட்டாங்க. மிஞ்சினது பதினோரு பேர். அவங்களை வேற வண்டியில ஏத்திவிட்டுட்டு ரயிலையே நிறுத்திட்டாங்க."

மனைவி மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் தண்டவாளத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார், கண்ணாடி இல்லாமலே.

"என்னைக் கேக்கறீங்களே" என்று ஸ்டேஷன் மாஸ்டர் அவர் தோளுக்குப் பின்னால் கையைக் காட்டினார். "அந்த ஒன்பது பத்து ரயிலோட டிரைவரே உங்க சூட்கேஸைத் தலையில வச்சுக்கிட்டு நிக்கிறாரே!"