காற்றுப் பெட்டிக்கு ஒரு சட்டை

ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் என் நாத்தனார், போன மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்தபோது சொன்னது இது.

பள்ளிக்கூட வாசலை ஒட்டித் தையல்கடை வைத்திருந்தாள் ஒருத்தி. அவள் மகளுக்கு ஓயாத மூச்சிரைப்பு. "வண்டிப் புகைதான் காரணம்" என்றார் டாக்டர். அந்தத் தெருவில் லாரி விடாதீர்கள் என்று காற்று மாசைக் கவனிக்கும் அதிகாரியிடம் மனுக் கொடுத்தாள்.

அதிகாரிக்கு மனம் இரங்கியது. ஆனால் அளந்து பார்க்காமல் இரங்குவது விதிமுறைக்குப் புறம்பல்லவா? ஆகவே வாசல் கம்பத்தில் காற்றை அளக்கும் பெட்டியை மாட்டினார். நல்ல காற்றென்றால் பச்சை விளக்கு, கெட்டதென்றால் சிவப்பு. மாட்டியதுமே சிவப்பு. ஒரே வாரத்தில் பெட்டியும் புகையில் கறுத்துப்போனது.

அதிகாரி பதறிவிட்டார். "இந்தத் தூசியில இருந்தா பெட்டி என்னத்துக்கு ஆகும்! அம்மா, இதுக்கு ஒரு உறை தைச்சுக் குடுங்க. பொட்டுக் காத்து உள்ள போகக்கூடாது."

தேடி வந்த வேலையை விடுவானேன்? இரட்டைத் துணி வைத்து, ஜிப் போட்டு, விளக்குக்கு மட்டும் கண் விட்டுத் தைத்துக் கொடுத்தாள். மறுநாளே பச்சை.

"பாத்தீங்களாம்மா? காத்து சுத்தமாயிடுச்சு. லாரியைத் தடுக்க வேண்டிய அவசியம் எழவில்லை."

"எம் பொண்ணுக்கு இன்னும் இரைக்குதே சார்?"

"பெட்டிக்கு இரைக்கலையே!"

"பெட்டிதான் சட்டை போட்டிருக்கே சார்."

"அப்ப பொண்ணுக்கும் ஒண்ணு தைங்க. உங்களுக்குத் தெரியாத தொழிலா?"

அவள் சாமியை நினைத்துக்கொண்டாள். மறுநாள், பள்ளி விடும் நேரம் பார்த்து, உறையைத் துவைக்க வேண்டும் என்று சொல்லிக் கழற்றினாள். துவைக்காதே என்று எந்தச் சட்டம் சொல்லும்? பளிச்சென்று சிவப்பு!

பிள்ளைகளை அழைக்க வந்தவர்கள் கொதித்துப்போய், அங்கே வந்திருந்த அதிகாரியைச் சூழ்ந்தார்கள். "எங்க பிள்ளைங்க உசுரு என்ன கிள்ளுக்கீரையா?" வியர்த்துக் கொட்ட, அங்கேயே லாரிக்குத் தடை போட்டார் அதிகாரி. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் மாலை லாரி ஒன்றுகூட இல்லை. விளக்கோ அப்படியே சிவப்பு. வாசல் நிறைய பெற்றோர். ஒவ்வொருவர் வண்டியும் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. குளிர்சாதனம் ஓட, மகனுக்காகக் காத்திருந்த அதிகாரியின் காரும்தான்.

எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள். அப்புறம் பக்கத்து வண்டியைப் பார்த்தார்கள். நேற்று அதிகம் கத்திய அம்மாள், வண்டியை அணைக்காமலே தையல்கடைப் பக்கம் குனிந்தாள்.

"அக்கா, துவைச்ச உறை காஞ்சிருச்சா? மாட்டிடுங்களேன். பிள்ளைங்க பாத்தா பயப்படும்."

கடைக்குள்ளே தையல்காரியின் மகள் இருமினாள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளையை அழைக்கப் போனால், வாசலில் வண்டியை அணைத்துவிட்டு நில்லுங்கள்.