மேற்படி மங்கு

என் வலது கன்னத்தில் ஒரு மங்கு இருந்தது. தேக்கரண்டியைக் கவிழ்த்து வைத்த அளவு. மகளை வயிற்றில் சுமந்தபோது வந்தது. அவள் வெளியே வந்தாள், அது தங்கிவிட்டது. இருபத்தெட்டு வருஷம் நானும் அதுவும் ஒரே முகத்தில் சண்டை சச்சரவில்லாமல் குடியிருந்தோம். என் பாஸ்போர்ட்டில்கூட, ‘கண்ணுக்குத் தெரியும் அடையாளம்’ என்ற இடத்தில் ‘வலது கன்னத்தில் கரும்படலம்’ என்று எழுதி, அரசாங்கமே அதற்கு அங்கீகாரம் கொடுத்திருந்தது.

கெடுத்தவர் சம்பந்தியம்மா. வெளிநாட்டில் என் மகள் வீட்டில்தான் இருக்கிறார். ஒருநாள் வீடியோ காலில் என்னைப் பார்த்து, அங்கே கரண்ட் போய்விட்டதா, முகத்தில் ஒரு பக்கம் இருட்டாகத் தெரிகிறதே என்று கரிசனமாக விசாரித்தார். என் வீட்டுக்காரர் லைட்டைப் போட எழுந்தார். லேசர் செய்துகொள்வது என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது.

லேசர் என்றால் வெறும் ஒளிதான் என்று சொல்லி அழைத்துப் போவார்கள். ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து ஒரே கன்னத்தில் விடுகிற வேலைக்கு அப்படிப் பெயர். கண்ணை மூடி ஒரு மறைப்பை மாட்டிவிடுவதால் அடிப்பது யார் என்று தெரியாது. டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தின் போட்டோவைத்தான் பார்த்தார். முடி பொசுங்குகிற வாசனைக்கு நடுவே அவருடைய உதவியாளர், “சின்னதா சுருக்குன்னு இருக்கும்மா” என்பாள். அவள் கன்னத்தைப் பொறுத்தவரை அது சின்னதுதான்.

ஆறாவது சிட்டிங்கில் மேற்படி மங்கு காலமானது. இனி வெயிலில் தலைகாட்டக் கூடாது, காட்டினால் திரும்பி வரும் என்று எச்சரித்து அனுப்பினார்கள். நான் கண்ணாடியை விட்டு நகராமல் ஒரு வாரம் குடும்பம் நடத்தினேன்.

அப்போதுதான் மகள் கூப்பிட்டாள். அடுத்த மாதம் இருபதாம் தேதி பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறார்களாம். எதற்கும் பயப்படாத பெண், குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அம்மா, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். அன்னைக்குப் பக்கத்துல இரு, போதும்” என்றாள். இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தேன். காலாவதியாகியிருந்தது.

பாஸ்போர்ட் ஆபீசில் அதிகாரி பழைய பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேஜை விளக்கை என் முகத்துக்கு நேரே திருப்பினார்.

“படலம் எங்கம்மா?”

எடுத்துவிட்டேன் என்றேன். எதையோ திருடிவிட்டு ஒப்புக்கொள்வது போலத்தான் இருந்தது.

“யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

“என் கன்னம் சார்.”

“கன்னம் உங்களுது. அடையாளம் ஆபீசோடது.”

கண், மூக்கு, கையெழுத்து, கட்டைவிரல் ரேகை எல்லாம் அப்படியே இருக்கிறதே என்று கேட்டுப் பார்த்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். ஆள் வந்திருப்பதை அவர் மறுக்கவில்லையாம். அடையாளம் வரவில்லையே என்பதுதான் அவருடைய கவலையாம். சிகிச்சை செய்தவர்கள் ‘மேற்படி கரும்படலம் முற்றிலும் அகற்றப்பட்டது’ என்று சான்று தந்தால் ஆவன செய்யப்படும் என்றார்.

கிளினிக் வாசலில் ‘கரும்புள்ளி, மங்கு, தழும்பு – நூறு சதவீதம் நீக்கம்’ என்று ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. அதன் கீழேயே உட்கார்ந்திருந்த டாக்டரிடம் இதே வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிக் கேட்டேன். அவர் முகம் வெளுத்தது. லேசர் இல்லாமலேயே.

“போர்டுல எழுதலாம்மா. கையெழுத்துப் போட்டு எப்படி எழுத முடியும்?”

முடிவில் ‘படலம் குறைந்தது போன்ற தோற்றம் ஏற்பட்டிருக்க வாய்ப்புண்டு’ என்று ஒரு சான்று கிடைத்தது. அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். படலம் இருக்கிறது, தெரியவில்லை, அவ்வளவுதான் என்பது அவர் அதிலிருந்து பெற்ற தெளிவு. விண்ணப்பத்தின் மேல் ‘அடையாளம் தேடப்படுகிறது’ என்று எழுதி, ஒருநாள் விட்டு ஒருநாள் முகத்தை நேரில் ஆஜர்படுத்தும்படி உத்தரவிட்டார்.

என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு யோசனை சொன்னார். அதன்படி புருவப் பென்சிலால் பழைய இடத்தில் பழைய அளவில் வரைந்துகொண்டு போனேன். அதிகாரி ஈரப் பஞ்சால் ஒரு ஓரத்தைத் தொட்டார். அரசு அடையாளத்தைப் போலியாகத் தயாரித்ததற்கு என்ன தண்டனை என்று புத்தகத்தில் தேடினார். நல்லவேளை, கிடைக்கவில்லை.

அந்த ஆபீசில் கூரை உண்டு. ஊழியர்களின் ஸ்கூட்டர்கள் அதன் கீழே நிற்கும். மனிதர்களின் வரிசை வெட்டவெளியில், வடக்குப் பார்த்து. காலை வெயில் முழுவதும் வலது கன்னத்தில். குடை பிடித்தால் கேமராவில் முகம் தெரியாது என்று காவலாளி மடக்கச் சொல்லிவிட்டார். கான்வென்ட்டில் பதினோரு வருஷம் வாய் திறக்காமல் வரிசையில் நின்ற நான், இங்கே வாய் திறந்துகொண்டு நின்றேன். அதனால் வரிசை வேகமாக நகர்ந்துவிடவில்லை.

நான்காவது வாரம், பதினெட்டாம் தேதி, அதிகாரி விளக்கைத் திருப்பினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். காணாமல் போன பிள்ளை கிடைத்தது போல அவர் முகம் மலர்ந்தது.

“வந்திருச்சும்மா. பார்த்தீங்களா, நம்ம ஆபீசுக்கு வந்தா எதுவும் வீண் போகாது.”

கண்ணாடியில் பார்த்தேன். அதே இடம், அதே தேக்கரண்டி. இந்தத் தடவை காம்பும் சேர்ந்து முளைத்திருந்தது. மூன்று நாளில் பாஸ்போர்ட் கையில் வந்தது. நான் விமானத்தில் ஏறியது இருபத்துமூன்றாம் தேதி. பேத்தி சொன்ன நாளில், சொன்னபடி பிறந்துவிட்டாள். அந்தக் குடும்பத்தில் நேரம் தவறாதவள் அவள் ஒருத்திதான்.

மகள் திட்டவில்லை. என் கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இதுக்கா நீ வரல?” என்று மட்டும் கேட்டாள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

குழந்தையின் வலது கன்னத்திலும் சிவப்பாக ஒரு சின்னத் திட்டு இருந்தது. அப்படியே பாட்டி ஜாடை என்று சம்பந்தியம்மா பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். மாப்பிள்ளை அவளுடைய பாஸ்போர்ட் விண்ணப்பத்தைப் பூர்த்திசெய்து கொண்டிருந்தார். அடையாளம் என்ற இடத்தில் பேனா நின்றது. எல்லோரும் அனுபவஸ்தியான என்னைப் பார்த்தார்கள்.

“இருக்கிறதை இருக்கிறபடி எழுதுங்க மாப்பிள்ளை. ஆபீஸ்காரங்ககிட்ட ஒளிக்கக் கூடாது.”

எழுதினார். அப்போதே போய்த் தபாலில் சேர்த்துவிட்டும் வந்தார்.

சாயங்காலம் குழந்தையைப் பார்க்க வந்த நர்ஸ், கன்னத்துத் திட்டைத் தடவிக்கொடுத்து, கவலையே வேண்டாம், இந்த மாதிரித் திட்டு ஒன்றிரண்டு வருஷத்தில் தானாகவே மறைந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாப்பிள்ளை பேனாவைத் திறந்து மூடினார். சம்பந்தியம்மா என் கன்னத்தையும் பேத்தியின் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கினார்.

“காலை வெயில்ல கொஞ்சம் காட்டினா நிக்குமா சம்பந்தி?”

வடக்குப் பார்த்துப் பிடிக்கச் சொன்னேன்.